இன்ஜினை அணைக்காதே

யாகுத்ஸ்க்
17 நவம்பர் 2002

டேய் போலோத்,

முதலில் சேதி. கல்லூரியை விட்டுவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது, வீட்டில் இன்னும் தெரியாது. அம்மா தினமும் காலையில் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்து, காதை மூடு, கழுத்தை மூடு என்று அனுப்பிவைக்கிறாள். நான் நேரே செமியோன் சித்தப்பா வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய் சாயங்காலம் வரை கிரீஸில் புரள்கிறேன்.

சிரிக்காதே. பாலம் கட்டுவது எப்படி என்று கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அரை வருஷம் ஆறே உறைந்து பாலமாகக் கிடக்கிற ஊரில் இதற்கு ஐந்து வருஷம் எவன் உட்காருவான்?

சித்தப்பாவுக்கு முட்டி போய்விட்டது. இனி வடக்கே ஓட்ட முடியாது என்று ‘ரொட்டி’யை என்னிடம் கொடுத்துவிட்டார். ஞாபகம் இருக்கிறதா, பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் நாம் எல்லோரும் ரொட்டி, ரொட்டி என்று கத்துவோமே, அந்தச் சாம்பல் வேன். இன்னும் முழு ரொட்டிக்கு டயர் மாட்டிய மாதிரிதான் இருக்கிறது. கண்ணாடி எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு கண்ணாடி ஒட்டிவிட்டேன். இன்ஜினுக்குக் கம்பளி தைத்துப் போர்த்திவிட்டேன்.

ஆற்றுப் பாதை திறந்ததும் வருகிறேன். பார்க்க மட்டும் இல்லை, உன்னைக் கூட்டிக்கொண்டு போக. வடக்கே உள்ள ஊர்களுக்கு மாவும் ஆப்பிளும் மருந்தும் ஏற்றி ஓட்டப்போகிறேன். ஒற்றை ஆளாக முடியாது, உனக்கே தெரியும். வழியில் இன்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் குளிரில் உறைந்து மறுபடி கிளம்பாது. ஒருத்தன் தூங்கும்போது ஒருத்தன் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இன்னொருத்தன் நீதான். வேறு யாரையும் யோசிக்கவில்லை.

இதற்கு ரேடியோவில் பதில் சொல்லித் தொலைக்காதே. உன் வானிலை அறிக்கையை ஆறு முழுக்கக் கேட்கிறது. மறுநாளே அம்மா காதுக்குப் போய்விடும். ஜோகோர் அண்ணன் லாரியில் எழுதி அனுப்பு.

எர்சிம்


ஹத்திங் வானிலை நிலையம்
8 டிசம்பர் 2002

எர்சிம்,

கடிதம் கிடைத்தது. ஜோகோர் அண்ணன் அதை மீன் மூட்டைக்குள் வைத்திருந்தார். வெளியே இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்ததும் வீடே மீன் வாசம்.

அம்மாவிடம் சொல்லிவிடு. அவர் கட்டிவிடும் மப்ளரோடு பொய் சொல்லப் போகிறாய் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவுதான், இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

போன வருஷமும் வருகிறேன் என்றுதான் எழுதினாய். குதிரை விலா வேகவைத்து வைத்திருந்தேன். பிறகு நானே தின்று தீர்த்தேன். இந்த முறை வந்து நின்ற பிறகுதான் பானையை ஏற்றுவேன்.

இங்கே இப்போது நான் மட்டும். கூட வேலை பார்த்த இன்னொகென்தி செப்டம்பரில் கடைசிப் படகில் லீவுக்குப் போனவன் திரும்பவில்லை. மூன்று மணிக்கு ஒருதரம் வெளியே போய்க் குளிரையும் காற்றையும் அழுத்தத்தையும் பார்த்து ரேடியோவில் சொல்கிறேன். ஐந்து நாளைக்கு ஒருதரம் ஆற்றில் துளை போட்டுப் பனிக்கட்டியின் தடிமனை அளக்கிறேன். நீ ஓட்டி வரப்போகும் ஆறு அது.

மார்ச் முடிவதற்குள் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேனா, கிளம்புகிறேனா என்று. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உன் ரொட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி எனக்காக நீ முடிவு செய்யாதே.

வருவதாக இருந்தால் ஒன்று. இங்கே சூடாக்கிய கொட்டகை கிடையாது. வண்டி வெளியேதான் நிற்கும், ஓடிக்கொண்டே நிற்கும். அது நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் நீ திரும்பிப் போக வேண்டிய பெட்ரோல். எத்தனை கேன் கொண்டுவருகிறாயோ அவ்வளவு நேரம்தான் நாம் பேச முடியும். நிறையக் கொண்டுவா.

போலோத்


மார்ப்பா அக்கா கடை, ஆற்றுப் பாதை
11 ஜனவரி 2003

போலோத்,

பாதி வழி வந்துவிட்டேன். நம்பு. வெளியே லாரிகள் வரிசையாக நின்று உறுமுகின்றன, நடுவில் என் ரொட்டி சளி பிடித்த குழந்தை மாதிரி இருமிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் கிளம்பும் லாரியில் வருகிறது. நான் கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது உறைந்த மூடுபனி. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அது இடதுபக்கம் திரும்பினால் நானும் திரும்பினேன். கடைசியில் பார்த்தால் அந்த ஆள் சொந்த வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறான். இறங்கி வந்து யாரப்பா நீ, சாப்பிட வந்தியா என்றான். வந்த வழியே திரும்பினேன்.

ஆற்றில் இறங்கும் இடத்தில் ஜோகோர் அண்ணன் என் கதவைத் தட்டி, சீட் பெல்ட்டைக் கழற்று, கதவைச் சாத்தாமல் கையில் பிடித்துக்கொள், பனிக்கட்டி உடைந்தால் குதிக்க வேண்டும் என்றார். எனக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்று சொல்லவில்லை. பனிக்கட்டி அடியில் டொங் என்று ஒரு சத்தம் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடியது. நல்ல சத்தம்தானாம் அது. சத்தமே வராமல் இருந்தால்தான் இறங்கி ஓட வேண்டுமாம்.

ஒரு இடத்தில் பனிக்கட்டிக்கு மேலேயே தண்ணீர் ஊறி நின்றது. நின்றால் டயரோடு உறைந்துவிடும். கியரை மாற்றாமல், மூச்சுகூட விடாமல் கடந்தேன். கரையேறியதும் டயரில் ஒட்டிய பனிக்கட்டியைக் கோடாலியால் கொத்திக்கொண்டே இருந்தேன்.

கணவாயில் எல்லோரும் இறங்கி, பாதைக்கு உரிய காவல் தெய்வத்துக்கு அப்பம் வைத்தார்கள். அம்மா சுட்டுக் கொடுத்ததை நான் வழியிலேயே தின்றுவிட்டேன். பையில் துழாவி ஒரு சூயிங்கம் வைத்தேன். ஜோகோர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “அவருக்குப் பல்லு இருக்கான்னு கேட்டியா?” என்றார்.

மார்ப்பா அக்கா என் முகத்தில் துண்டைப் போட்டுப் பனியைத் துடைத்துவிட்டு, மீசைகூட ஒழுங்கா முளைக்கல, வடக்க போறானாம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பிறகு சூப்பை இரண்டு தரம் ஊற்றினாள்.

உனக்கு ஆப்பிள் கொண்டுவருகிறேன். என் கோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நான் உறைந்தால்தான் அவை உறையும்.

துணிமணியைக் கட்டி வை.

எர்சிம்


ஹத்திங்
14 ஜனவரி 2003

எர்சிம்,

உன் கடிதம் கொண்டுவந்த லாரி சரக்கை இறக்கிவிட்டு இப்போதே திரும்புகிறது, அதனால் சுருக்கமாக. வழியில் உன்னைப் பார்த்தால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ இன்னும் தெற்கத்திப் பையன். அங்கே ஊரில் குளிர் அதிகமானால் பயப்படுவீர்கள், குறைந்தால் சிரிப்பீர்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் தலைகீழ். ஐம்பது டிகிரி உறையும்போது காற்று செத்துக்கிடக்கும், ஓட்டலாம். திடீரென்று குளிர் விட்டால் காற்று வருகிறது என்று அர்த்தம். அப்போது எங்கே இருக்கிறாயோ அங்கேயே நில்.

கதவு பூட்டியிருக்காது. தோளால் இடி, கொஞ்சம் ஒட்டும்.

போலோத்


மார்ப்பா அக்கா கடை
2 பிப்ரவரி 2003

போலோத்துக்கு,

அடுத்தவன் இன்ஜினை அணைத்தவனுக்கு இந்தப் பாதையில் என்ன பேர் தெரியுமா? பேரே கிடையாது. ஏனென்றால் யாரும் அப்படிச் செய்ததில்லை. எதிரி வண்டியின் இன்ஜினைக்கூடத் தொட மாட்டார்கள். டயரைக் கிழிப்பான், கண்ணாடியை உடைப்பான், சாவியில் கை வைக்க மாட்டான்.

என் நண்பன் வைத்தான்.

வந்து சேர்ந்த அன்று நீ விலா எலும்பு வேகவைத்தாய், உறைந்த மீனைச் சீவினாய், எல்லாம் சரி. நான் திட்டத்தைச் சொன்னேன். நீ பார்க்கலாம் என்றாய். எந்த ஊருக்கு எந்த மாதம் என்று வரைபடத்தில் காட்டினேன். பார்க்கலாம். காலையில் பார்த்தால் தெர்மாமீட்டர் மைனஸ் ஐம்பத்திரண்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “குளிர் விட்டுடுச்சுடா, ராத்திரிக்குள்ள கிளம்பிடலாம்” என்றேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “இது விடுற குளிர் இல்ல. எழுதினேனே, படிச்சியா?” என்றாய். படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன், உண்மையைச் சொல்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் சாயங்காலம் கிளம்புவேன் என்று சொல்லிவிட்டு மத்தியானம் படுத்தேன்.

விழித்தபோது காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து அந்தச் சத்தம் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. தூக்கத்தில்கூடக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தால் அடுப்புப் பக்கத்தில் என் பேட்டரி. அதற்குப் பக்கத்தில் வாளி நிறைய ரேடியேட்டர் தண்ணீர். நீ உட்கார்ந்து மீன் சீவிக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமல் “அணைச்சிட்டேன்” என்றாய். அவ்வளவுதான். அடுப்பை அணைத்த மாதிரி.

புயல் வந்தது, சரி. ஒரு நாள் அடித்தது. அதற்காக நான் பத்து நாளுக்கு மேல் அந்த ஒற்றை அறையில் கிடந்தேன். பாதையில் விழுந்த பனியைத் தள்ள புல்டோசர் வர வேண்டும், அதன் பின்னால் ஜோகோர் அண்ணன் வர வேண்டும், அவர் ப்ளோ டார்ச்சைக் காட்டி இன்ஜினைச் சூடாக்க வேண்டும். என் டயரெல்லாம் நின்ற இடத்தில் தட்டையாகி, முதல் பத்து மைல் சதுரச் சக்கரத்தில் ஓட்டின மாதிரி தலை குலுங்கியது. கிளம்பும்போது நீ கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வந்தது இந்தக் கோபத்தில்தான்.

வண்டி எப்படி நின்றது என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்து தானாக நின்றுவிட்டது என்று சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இனி எந்த லாரியும் உன் வாசலில் நிற்காது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

எர்சிம்


ஹத்திங்
12 பிப்ரவரி 2003

எர்சிம்,

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பதில் வேண்டாதவன் கடிதம் எழுத மாட்டான்.

புயல் ஒரு நாள் இல்லை, ஒன்றரை நாள். அதை விடு. நீ மூன்று கேன் கொண்டுவந்தாய். வரும் வழியிலேயே ஒன்று போய்விட்டது. ஓடவிட்டே நிறுத்தியிருந்தால் புயல் முடியும்போது உன்னிடம் மார்ப்பா அக்கா கடை வரை போகப் பெட்ரோல் இருந்திருக்காது. சாயங்காலம் கிளம்பியிருந்தால் இரண்டாவது வளைவில் பாதை உன் கண்ணிலிருந்து மறைந்திருக்கும். நான் இரண்டு தரம் சொன்னேன். நீ சிரித்துவிட்டுத் தூங்கப் போனாய். உன்னை எழுப்பி மூன்றாவது தரம் சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும்.

நீ வந்ததிலிருந்து அந்த இன்ஜினைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். சாப்பிடும்போது ஒரு காது வெளியே. நான் பேசும்போது ஒரு காது வெளியே. அது லேசாக இருமினால் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடினாய். செப்டம்பருக்குப் பிறகு இந்த அறையில் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்த முதல் ஆள் நீ. நீயும் முழுசாக உட்காரவில்லை. சாவியைத் திருப்பியதும் எல்லாச் சத்தமும் நின்றது. அந்த அமைதியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அணைத்ததற்காக எனக்கு வெட்கமில்லை. அந்த நிம்மதிக்குத்தான் வெட்கம்.

நீ எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான்கு நாள் நீ என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். ஐந்தாம் நாள் நான் பனிக்கட்டி அளக்கக் கிளம்பியபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாய். துளை போடும் கம்பியை என் கையிலிருந்து பிடுங்கினாய். தண்ணீர் பொங்கி வந்ததும், “இவ்வளவு தடிமனா? இதுக்கா பயந்தேன்?” என்றாய். பிறகு தினமும் தெர்மாமீட்டர் பார்க்கப் போகும்போதும் கூட வந்தாய். இரவில் நான் ரேடியோவில் எண்களைச் சொல்லும்போது பின்னாலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாய், நான் மறந்துவிடுவேன் என்பது மாதிரி. அந்த நாட்கள் உனக்கு ஜெயில் என்றால் ஜெயில்தான். எனக்கு அப்படி இல்லை.

பெட்ரோலில் தண்ணீர் என்று சொன்னதற்கு நன்றி. ஜோகோர் அண்ணன் அதை நம்பவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. லாரியை மட்டும் வாசலில் நிறுத்தாமல், தள்ளி மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்.

போலோத்


யாகுத்ஸ்க்
9 மார்ச் 2003

போலோத்,

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியுமாம். “பாலம் படிக்கிறவன் கையில ஏன்டா பெட்ரோல் நாத்தம் அடிக்குது?” என்று நவம்பரிலேயே சித்தப்பாவைப் பிடித்துக் கேட்டுவிட்டாள். நானாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டு இத்தனை நாளும் மப்ளர் கட்டிவிட்டிருக்கிறாள். ஒரு வாரம் பேசவில்லை. உன்னிடமிருந்து கற்றுக்கொண்டேனோ என்னவோ, நானும் சும்மா இருந்தேன். இப்போது பேசுகிறாள். வழிக்கு அப்பம் சுட்டுத் தருகிறாள், தின்று தீர்க்கக் கூடாது என்று எண்ணித் தருகிறாள்.

இரண்டு நடை வடக்கே போய் வந்துவிட்டேன். உன் இடத்தில் சித்தப்பா மகன் ஐதாலை உட்காரவைத்தேன். அவன் முறைக்குத் தூங்குவான், என் முறைக்கும் தூங்குவான். நான் கண்ணைக் கிள்ளிக்கொண்டு ஓட்டினேன்.

போன நடையில் கணவாய் தாண்டியதும் குளிர் விட்டது. ஐதால் கோட்டைக் கழற்றிப் போட்டு, ஆகா என்றான். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர்களிடமும் நில்லுங்கள், காற்று வரும் என்றேன். யாரடா இவன் பொடியன், பெட்ரோலில் தண்ணி ஊத்தினவன்தானே என்று சிரித்தார்கள். ஒருவர் நின்றார், இருவர் போனார்கள். போனவர்களைப் பிறகு பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, கன்னம் மட்டும் கறுத்துவிட்டது. எனக்குக் காற்றைப் பற்றி யார் சொன்னது என்று மார்ப்பா அக்கா கேட்டாள். ஹத்திங்கில் ஒருத்தன் இருக்கிறான் என்றேன். ஜோகோர் அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கோப்பை கேட்டார். 

மார்ப்பா அக்கா கடையில் ரேடியோ எப்போதும் ஓடுகிறது. உன் குரல் வந்தால் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஹத்திங், மைனஸ் முப்பத்தொன்பது, வடமேற்குக் காற்று, பனிக்கட்டி இவ்வளவு. உன் குரலைக் கேட்டுவிட்டு எழுந்து கிளம்புகிறார்கள், இல்லையென்றால் திரும்பப் படுக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. நீ அங்கே தெர்மாமீட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ இன்ஜினை அணைத்தது தப்பு. அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் அந்த அறையில் உட்காரவில்லை என்று எழுதினாயே, அதைப் பலதரம் படித்தேன்.

கையெழுத்துப் போட்டாயா? என் வண்டியில் அந்த இன்னொரு சீட் இன்னும் காலிதான். கேட்கிறேன், இழுக்கவில்லை.

எர்சிம்


ஹத்திங்
2 ஏப்ரல் 2003

எர்சிம்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே போட்டிருந்தேன். வந்த பிறகு அதை நினைத்து ஒருநாள் தூங்கவில்லை. பிறகு தூங்கினேன். நான் ஓட்டுகிறவன் இல்லை, எர்சிம். ஒரே இடத்தில் நின்று ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்க்கிறவன். அது உனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கும், எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த இடத்தை விட்டால் உன் பக்கத்தில் உட்கார்ந்து நீ ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவேன். கணவாய் தாண்டுவதற்குள் என்னை இறக்கிவிடுவாய்.

ஜோகோர் அண்ணன் போன வாரத்திலிருந்து மறுபடி வாசலில் நிறுத்துகிறார். நீ என்ன சொன்னாய் என்று தெரியாது. 

ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். இன்னொகென்தி வராததால் அவன் வீடு சும்மா கிடக்கிறது. அவனுக்குக் கேட்டு எழுதினேன், எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டான். கட்டைகளைப் பிரித்து நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வண்டிக் கொட்டகை கட்டுகிறேன். இடுக்குகளில் பாசி அடைத்துவிட்டேன். உள்ளே ஒரு இரும்பு அடுப்பு. திறந்த பக்கத்தைக் கம்பளியால் மூடி எரித்துப் பார்த்தேன், வெளியே மைனஸ் நாற்பது இருந்தபோது உள்ளே வாளித் தண்ணீர் உறையவில்லை. இதற்குள் நின்றால் எந்த இன்ஜினும் அணைத்து மறுபடி கிளம்பும். ஒரு வாரம் கழித்துக்கூட.

ஒரு பக்கச் சுவர் மட்டும் பாக்கி, கதவு வைக்கிற பக்கம். ரொட்டியின் உயரம் எனக்குத் தெரியாது. உன் வண்டியோடு அத்தனை நாள் இருந்தும் அளக்கவில்லை. எல்லாவற்றையும் அளக்கிறவன், அதை விட்டுவிட்டேன். கண் மதிப்பில் என் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் வைக்கலாம் என்றிருக்கிறேன். சரியா என்று எழுது. பாதை மூடப்போகிறது. இந்தக் கடிதத்துக்குப் பதில் கொண்டுவர இன்னும் ஒரு லாரிதான் வரும் என்று சொல்கிறார்கள்.

போலோத்


யாகுத்ஸ்க்
11 ஏப்ரல் 2003

டேய் போலோத்,

லாரி கிளம்பப் போகிறது, ஜோகோர் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

மூன்று வருஷமா. சரி. ஐதாலைத் துரத்திவிட்டேன். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், தூங்காத ஆளாக.

நீ சொல்கிற உயரம் போதாது. கூரைமேல் கேன் கட்டுவதற்கு இரும்புச் சட்டம் போட்டிருக்கிறேன், அதைக் கழற்ற மாட்டேன். கதவை இன்னும் ஒரு முழம் உயர்த்து. அகலத்தையும் தாராளமாக வை, எனக்குப் பின்பக்கமாக ஓட்டிக் கொண்டுபோக வராது.

டிசம்பரில் ஆறு இறுகியதும் வருகிறேன். நீ வெளியே வர வேண்டாம், உள்ளேயே இரு. நானே கொட்டகைக்குள் விட்டு, நானே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு வருகிறேன். நீ கை வைக்காதே.

எர்சிம்